நாலு விரல் உயரம்

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த கையோடு கைப்பேசியைத் திறந்த டர்போவுக்கு ஒரு கேள்வி காத்திருந்தது. பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கும் நானூறு பேர் சேர்ந்த குழுவில் வந்திருந்தது அது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவரைப் பெயர் சொல்லியே கேட்டிருந்தார்.

"டர்போ சார், வணக்கம். பின்னாடி ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேர்த்து நீங்க தூக்கின வண்டியோட போட்டோ பாத்தேன். நானும் அதே மாதிரி பண்ணப் போறேன். பாரத்துக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒண்ணு இருக்கே, அச்சுலருந்து அதுக்கு ஒரு கம்பி போகுமே, அதை நீங்க எவ்வளவு உயர்த்தினீங்க?"

டர்போ அதை மூன்று தடவை படித்தார். அவர் எந்தக் கம்பியையும் உயர்த்தவில்லை.

டர்போ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவர்கள் வைத்த பெயர் குடிநீர் வாரியத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அங்கே அவருக்குப் பம்ப் ஓட்டும் வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகையில், ஏதாவது ஒரு கிழட்டு பிக்கப்பின் வயிற்றுக்கு அடியில் கிடப்பார். ஆறு வருடத்துக்கு முன், இன்ஜினுக்கு வலு கூட்டும் டர்போ ஒன்று காயலான் கடையில் கிடைக்க, அதைத் தன் வண்டிக்குப் பொருத்தி, மேட்டுத் தெருவில் விசிலடிக்க ஏற்றிக் காட்டினார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் டர்போ. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

யாரிடமும் போய்க் கற்றவரில்லை. கழற்றிப் பார்த்தும் வீடியோ பார்த்தும் தானாகக் கற்றவர். இப்படித் தானாகக் கற்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. டர்போவுக்கு அது முற்றிப் போயிருந்தது.

கேள்வியில் இருந்த வண்டி அவருடையதல்ல, மச்சினனுடையது. மனைவியின் ஒரே தம்பி. டைல்ஸ் கடைக்கு லோடு அடிப்பவன். நான்கைந்து மாதத்துக்கு முன் வந்து நின்றான். "மாமா, டைல்ஸ் ஏத்தினா பின்னாடி குந்திக்குது. மூக்கு வானத்தைப் பாக்குது. எதாவது பண்ணுங்க."

"இதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று டர்போ லுங்கியை மடித்துக் கட்டினார். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் இரண்டிரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். வண்டி நாலு விரல் உயர்ந்து, காளை மாதிரி நின்றது.

அச்சை இறக்கி ஏற்றியபோது அந்தக் கம்பி அவர் கண்ணில் பட்டது. பென்சில் கனம். ஒரு முனை அச்சில், இன்னொரு முனை சேசிஸில் இருந்த சின்னக் கட்டை ஒன்றின் கைப்பிடியில். பட்டை சேர்த்த பிறகு அது விறைத்து, கைப்பிடியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. என்ன இது என்று யோசித்தார். தெரியவில்லை. குழுவில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்கிறவர் டர்போவாக இருக்க முடியுமா? நானூறு பேர் என்ன நினைப்பார்கள்? கம்பி உடையவில்லை, எதிலும் உரசவில்லை, அது போதும் என்று விட்டுவிட்டுப் போட்டோ எடுத்துப் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து விபத்து நடந்தது.

டைல்ஸ் கிடங்கு மேட்டில் இருக்கிறது, கடை சரிவின் அடியில். கடையை ஒட்டி ஒரு தையல்காரம்மாவின் கடை. வெளிச்சத்துக்காக மிஷினை வாசலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பார். முழு லோடோடு இறங்கிய வண்டி நிற்காமல் நடைபாதையில் ஏறி மிஷினைத் தள்ளியது. அவருடைய வலது கணுக்கால் உடைந்தது. உயிர் போகவில்லை. ஆனால் வருகிறவர் போகிறவரெல்லாம் இன்னும் நாலு அடி தள்ளிப் போயிருந்தால் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"மிதிச்சேன் மாமா. சத்தியமா மிதிச்சேன்" என்று மச்சினன் சொன்னான். "முன் சக்கரம் கட்டிக்கிட்டு இழுக்குது, பின்னாடிலருந்து தள்ளிக்கிட்டே வருது."

விஷயம் கேட்டு ஓடிவந்த டர்போவைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. வண்டியைத் தெரிந்தவர் அவர்தானே. லோடை இறக்கச் சொன்னார். ஆயில் பார்த்தார், சக்கரத்துக்குச் சக்கரம் தட்டிப் பார்த்தார். பிறகு காலி வண்டியை எடுத்து, எல்லோரும் பார்க்க ஓட்டி மிதித்தார். வண்டி கச்சிதமாக நின்றது.

"நான் கைவச்ச வண்டிங்க இது" என்றார் இறங்கி. "பிரேக் பிடிக்காம போகாது. இவன் பிரேக்குல காலை வச்சானா, போன்ல கண்ணை வச்சானா, அதைக் கேளுங்க முதல்ல."

யாரோ சிரித்தார்கள். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மச்சினன் போன் பார்த்து ஓட்டியவன் ஆகிவிட்டான். டைல்ஸ் கடைக்காரர் அவனை ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, பெட்டி தூக்க வைத்துக்கொண்டார். வண்டி டர்போவின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. சொந்த அக்காவே, "எங்க வீட்டுக்காரர் பாத்துட்டாரு, வண்டில ஒண்ணும் இல்லையாம்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். அவன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான். கேட்கவே வேண்டாம், டர்போதான் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். குற்றமுள்ள நெஞ்சு, முகம் பார்க்கக் கூசுகிறது என்றார்.

இப்போது அவர் சிமெண்டுத் தரையில் மல்லாந்து, கையில் விளக்கோடு அந்த வண்டிக்கு அடியில் கிடந்தார். கம்பி அப்படியே இருந்தது. அது என்ன என்று இந்த முறை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்னக் கட்டைதான் வால்வு. பாரம் ஏறினால் வண்டியின் உடம்பு தாழும். தாழ்ந்தால் கம்பி அதன் கைப்பிடியை மேலே தள்ளும். தள்ளினால் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். அவர் வண்டியை நாலு விரல் தூக்கிவிட்டார். ஒரு டன் டைல்ஸை ஏற்றினாலும் வால்வுக்கு அது காலி வண்டிதான். காலி வண்டிக்கு எவ்வளவு பின் பிரேக் வேண்டுமோ அவ்வளவுதான் கொடுக்கும். அதனால்தான் அன்று காலியாக ஓட்டியபோது கச்சிதமாக நின்றது.

பையன் மிதித்திருக்கிறான். உயிரைக் கொடுத்து மிதித்திருக்கிறான்.

டர்போவுக்கு முகம் பற்றி எரிந்தது. பார்க்க ஆளில்லாத இடத்தில், வண்டிக்கு அடியில், தனியாகக் கிடக்கும்போதுகூட ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அந்த யாரோ சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அந்தச் சிரிப்பு வந்தபோது தனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்ததும் ஞாபகம் வந்தது. அதுதான் தாங்கவில்லை.

அடுத்து அவர் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுந்து போய் ஒரு இரும்புத் துண்டை நாலு விரல் நீளத்துக்கு வெட்டினார். இரண்டு துளை போட்டார். அச்சில் கம்பி மாட்டும் இடத்தில் அதை வைத்து, கம்பியின் முனையை உயர்த்தி முடுக்கினார். கைப்பிடி தன் இடத்துக்கு வந்தது. மொத்தம் இருபது நிமிட வேலை. புதுத் துண்டு பளபளவென்று காட்டிக் கொடுக்குமே என்று அதன்மேல் கிரீஸும் மண்ணும் பூசினார்.

மனைவி டீயோடு வந்தாள். "அந்த வண்டியில என்னங்க பண்றீங்க?"

"சும்மாதான். துரு பிடிச்சிருந்தது."

அவள் போனதும் குழுவில் பதில் எழுதினார். "பட்டை எவ்வளவு தூக்குதோ அவ்வளவு உயர்த்தணும். நான் நாலு விரல் உயர்த்தினேன்." பொய் இல்லை, இருபது நிமிடத்துக்கு முன் உயர்த்தினார்தான். கட்டைவிரல்கள் வரத் தொடங்கின. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் கணக்கு இதுதான். மச்சினனைக் கூப்பிட்டு, லோடோடு ஓட்ட வைத்து, பயத்தைத் தெளிய வைக்க வேண்டும். கடைக்காரரிடம் நாமே பேசி வேலையை வாங்கித் தர வேண்டும். காதும் காதும் வைத்தாற்போல் எல்லாம் பழையபடி ஆகிவிடும். யார் தப்பு என்பது ஊருக்கு மறந்துவிடும். கெட்ட யோசனை என்று அவருக்குத் தோன்றவில்லை. பெருந்தன்மை என்றுகூடக் கொஞ்சம் தோன்றியது.

மச்சினன் மதியம் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். இரண்டு மாதத்தில் கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தான்.

"வண்டியை வித்துடலாம் மாமா. அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?"

"விக்கிறதாவது! ஏறு. மணல் மூட்டை ஏத்தி வச்சிருக்கேன். தெருக்கோடி வரைக்கும் ஓட்டு."

"வேணாம் மாமா."

"அட, ஏறுடா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஏறினான். காலியான தெருவில் மெல்லப் போய், டர்போ சொன்ன இடத்தில் மிதித்தான். மூட்டைகளோடு வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "வேகமா போய் மிதி" என்றார். வேகமாகப் போய் மிதித்தான். நின்றது. மூன்றாவது முறையும் நின்றது.

"பாத்தியா! நான்தான் சொன்னேனே" என்று டர்போ அவன் தொடையில் தட்டினார்.

மச்சினன் இன்ஜினை அணைத்தான்.

"இத்தனை நாளா யார் என்ன சொன்னாலும், மனசுக்குள்ள ஒரு ஓரத்துல நான் மிதிச்சேன்னு நம்பிக்கிட்டு இருந்தேன் மாமா" என்றான். "ராத்திரி படுத்தா அந்தக் கால் இன்னும் மிதிச்சுக்கிட்டே இருக்கும். ஆனா இதே வண்டி, இதே பாரம், இப்ப நிக்குதே. அப்போ நீங்க சொன்னதுதான் சரி. நான் மிதிக்கல. மிதிச்ச மாதிரி நானே நினைச்சுக்கிட்டிருக்கேன். என் தலைக்குள்ள என்னவோ சரியில்ல." சாவியை உருவி டேஷ்போர்டின் மேல் வைத்தான். "இனிமே ஸ்டியரிங் பிடிக்க மாட்டேன். பிள்ளையைக்கூட வண்டியில ஏத்த மாட்டேன்."

தன் பழுதை மறைக்க டர்போ செய்த வேலை, அவனிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டது. இறங்கிப் போயிருக்கலாம். கதவில் கைகூட வைத்தார். பிறகு கையை எடுத்தார்.

"நீ மிதிச்சடா" என்றார்.

"ஆறுதல் சொல்லாதீங்க மாமா."

"ஆறுதல் இல்ல. நீ மிதிச்ச. வண்டி நிக்கல. நிக்காத மாதிரி நான்தான் பண்ணி வச்சிருந்தேன்." கம்பியைப் பற்றிச் சொன்னார். காலையில் வந்த கேள்வியைச் சொன்னார். கிரீஸ் பூசியதைச் சொல்லாமல் விடப் பார்த்தார், அதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகி, கடைசியில் கியர் கம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மச்சினன் கத்தவில்லை. அடித்திருந்தால்கூட டர்போவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் வச்சுத்தானே சொன்னீங்க?" என்றான் மச்சினன். "நாளைக்குக் கடைக்கு வாங்க. இதையும் எல்லார் முன்னாடியும் வச்சு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தாள். "நானும்தானே சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டர்போ வண்டியை ஓட்டிப் போனார். கடைக்குப் பக்கவாட்டில் லாரி வந்து திரும்பும் நீளமான சிமெண்டுத் தரை. பெட்டி தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கடைக்காரர் இருந்தார். சுவரை ஒட்டியிருந்த தன் கடை வாசலில் தையல்காரம்மா, வலது காலை முக்காலியில் நீட்டிவைத்து, மிஷினில் மோட்டார் மாட்டி இடது காலால் ஓட்டிக்கொண்டிருந்தார். மச்சினன் பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான்.

டர்போ எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். தப்பு அவன் மேல் இல்லை, நான் வண்டியைத் தூக்கியதில் பின் பிரேக் போய்விட்டது, தெரியாமல் செய்தேன், அவன்மேல் பழி போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவர் தோளில் கைபோட்டார். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். "மச்சினனுக்காக யாரு இப்படி வந்து பழியைத் தன் தலையில போட்டுக்குவாங்க? எங்க வீட்லயும் ஒரு மாமா இருக்காரே!"

"இல்லைங்க, நெஜமாவே..."

"புரியுது, புரியுது. அன்னிக்கு நீங்களே எங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டலையா? நின்னுச்சே. அவனை மறுபடி ஓட்டச் சொல்லணும், அவ்வளவுதானே? உங்க முகத்துக்காக ஓட்டட்டும்."

பெட்டி தூக்குகிறவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மச்சினனைப் பார்த்து, "இப்படி ஒரு மாமா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டா" என்றார். மச்சினன் டர்போவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். வேலை திரும்பக் கிடைத்தாயிற்று, மானமும் போகவில்லை, கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. டர்போவுக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்து அவர் பின்னால் பல நாள் கூனிக்குறுகினார்.

"லோடு ஏத்துங்க" என்றார். "முழு லோடு. யாராவது ஒரு சாக்பீஸ் குடுங்க."

டைல்ஸ் பெட்டிகள் ஏறின. தரையின் நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டார். அதற்கு அப்பால் முப்பது அடி காலியாக இருந்தது, கடைசியில் மணல் குவியல். கடைக்காரரைப் பக்கத்தில் ஏற்றினார். "ரோட்டைப் பாக்காதீங்க. என் காலைப் பாருங்க."

முதல் தடவை கோட்டில் மிதித்தார். வண்டி உடனே பிடித்து, ஒரு வண்டி நீளத்துக்குள் நின்றது. கடைக்காரர், "அதான் நிக்குதே" என்றார்.

டர்போ இறங்கி, வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போனார். இரும்புத் துண்டைக் கழற்றினார். கம்பியைப் பழையபடி மாட்டினார். வெளியே வந்து துண்டைக் கடைக்காரர் கையில் கொடுத்தார்.

இரண்டாவது தடவை, அதே வேகம், அதே கோடு. மிதித்தார். முன் சக்கரங்கள் கட்டிக்கொண்டு கத்தின. பின்னால் ஒரு டன் டைல்ஸ் முதுகில் கைவைத்துத் தள்ளியது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அதை உணர்ந்தார்.

"மிதிங்க! மிதிங்க!" என்று கடைக்காரர் அலறினார்.

"மிதிச்சுட்டுத்தாங்க இருக்கேன்!"

வண்டி மணல் குவியலில் முட்டி நின்றது. கடைக்காரர் டர்போவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் அப்போதும் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது, எடுக்க வரவில்லை.

கீழே இறங்கியபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் சக்கரங்கள் இழுத்த இரண்டு கறுப்புக் கோடுகள் மட்டும் இருந்தன. பின் சக்கரங்களுக்குத் தடமே இல்லை. மச்சினன் அடுக்கிலிருந்து இறங்கி வந்து, அந்தக் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டான். "நான் மிதிச்சேன்" என்றான், யாரிடமும் இல்லை. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு, எல்லோர் முன்னாடியும் அழுதான். கடைக்காரர் அவன் பக்கத்தில் போய் நின்று, அந்த இரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது டர்போவைப் பெரிய மனசு என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

தையல் மிஷின் சத்தம் நின்றிருந்தது. "இங்க வாங்க" என்றார் தையல்காரம்மா.

டர்போ போய் நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "மன்னிச்சுடுங்கம்மா" என்றார். அந்த வார்த்தை அவ்வளவு சின்னது என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தையல்காரம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இந்தக் காலோட என்னால குனிஞ்சு கடை ஷட்டரைத் தூக்க முடியாது" என்றார். "ரெண்டு மாசமா அந்தப் பையன்தான் தினமும் வந்து தூக்கிவிட்டுட்டுப் போறான். காலைல எட்டரைக்கு. ஒரு நாள்கூட என் முகத்தை நிமிர்ந்து பாத்ததில்ல. மிதிச்சேம்மான்னு ஒரே ஒரு தடவை சொன்னான். நானும் நம்பல." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அவர் டர்போவை நிமிர்ந்து பார்த்தார். "நாளைலருந்து நீங்க வாங்க."

"வரேம்மா" என்றார் டர்போ.

"வந்தா என் முகத்தைப் பாத்துட்டுத் தூக்கணும்."

அவர் தலையாட்டினார். அப்போதே நிமிர்ந்து பார்க்க முயன்றார், முடியவில்லை.